எல்ட்ரோம்போபாக் மூன்று வாரம் கொடுத்தும் அம்மாவின் தட்டணு எண்ணிக்கை ஏறவில்லை: மருந்தை மாற்ற வேண்டுமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு வயது 61. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த புரட்டாசி மாதத்தில் அவருடைய இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கடுகைத் தெளித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை 9,000 என்று வந்தது; இயல்பாக 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

டெங்குக் காலம் என்பதால் முதலில் எல்லோரும் டெங்கு என்றே முடிவு கட்டினார்கள். ஆனால் காய்ச்சலே இல்லை. டெங்குப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. முதலில் சேர்த்த மருத்துவமனையில் நான்கு யூனிட் தட்டணுக்களை ஏற்றினார்கள். மறுநாள் 31,000 ஆக உயர்ந்த எண்ணிக்கை, இரண்டே நாளில் 11,000 ஆக இறங்கிவிட்டது. பிறகு மதுரையில் இரத்தவியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, லூபஸ் நோய்க்கான சோதனைகள் அனைத்தையும் செய்து பார்த்துவிட்டு, இது ஐ.டி.பி., அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே தன் தட்டணுக்களை அழிக்கும் நோய் என்று கூறினார்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மி.கி. தொடங்கிய இரண்டு வாரத்தில் எண்ணிக்கை 1,12,000 வரை வந்தது. ஆனால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து 20 மி.கி.க்கு வந்தபோது மீண்டும் 24,000 ஆனது. இதற்கிடையே சர்க்கரை 260ஐத் தொட்டது, முகம் உப்பிவிட்டது, இரவில் தூக்கமே இல்லை. எனவே தட்டணு உற்பத்தியைக் கூட்டும் எல்ட்ரோம்போபாக் 50 மி.கி. மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம் மாத்திரையும், வயிற்றுக்குப் பான்டாப்ரசோலும் உண்டு. நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. காலை ஏழு மணிக்குக் காபியுடன் எல்ட்ரோம்போபாக் கொடுத்துவிடுகிறேன். எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டபின் மற்ற மாத்திரைகளையும் கொடுத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் மூன்று வாரச் சோதனைகளில் 19,000, 22,000, 17,000 என்றுதான் வந்திருக்கிறது.

அடுத்த வாரம் அளவை 75 மி.கி. ஆக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். செலவும் அதற்கேற்பக் கூடும். பெரியம்மா பப்பாளி இலைச் சாறு கொடு என்கிறார். அத்தை மகனோ மண்ணீரலை எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்கிறார். இந்த மருந்து சிலருக்கு வேலை செய்யாது என்பது உண்மையா? இதே மருந்தை எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


பவானிக்காரர் எழுதியது:

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன்: "காலை ஏழு மணிக்குக் காபியுடன் எல்ட்ரோம்போபாக் கொடுத்துவிடுகிறேன்." அந்தக் காபியில்தான் உங்கள் மூன்று வாரமும் கரைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் மனைவிக்கு நான்கு ஆண்டுகளாக இதே நோய், இதே மாத்திரை. தொடக்கத்தில் நாங்களும் இதே தவற்றைச் செய்தோம். எங்கள் வீட்டில் காபி இல்லை, கேழ்வரகுக் கஞ்சி. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புண்ணாகிவிடும் என்று எண்ணி, மோர் விட்டுக் கரைத்த கஞ்சியை ஒரு சொம்பு குடிக்க வைத்து, அதன் மேல் மாத்திரையைக் கொடுத்து வந்தேன். ஐந்து வாரம் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டவே இல்லை. மருந்து இவருக்கு ஒத்துவரவில்லை என்று கோப்பில் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் மருந்துப் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளைப் பொழுதுபோகாமல் பிரித்துப் படித்தேன். பால், தயிர், மோர், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் ஆகியவற்றை எடுத்துக்கொள்வதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்போ, எடுத்துக்கொண்ட நான்கு மணி நேரம் கழித்தோதான் இதை விழுங்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஐந்து வாரமாக வீட்டில் இருந்த தாள்.

அதன்பின் மாத்திரையை இரவுக்கு மாற்றினோம். இரவு ஏழரை மணிக்கு இட்லியோ தோசையோ சாம்பாருடன் சாப்பிட்டுவிடுவார். அந்த வேளையில் தயிரும் பாலும் கிடையாது. பத்தரை மணிக்கு வெறும் தண்ணீருடன் மாத்திரை. மறுநாள் காலை ஆறரைக்குக் கஞ்சி குடிக்கும்போது எட்டு மணி நேரம் கடந்திருக்கும். கால்சியம் மாத்திரை பகல் சாப்பாட்டோடு போய்விட்டது. தயிர்ச் சோற்றையும் பகலுக்கே ஒதுக்கிக்கொண்டோம். பத்து நாளில் 38,000, மூன்றாவது வாரத்தில் 84,000. அளவைக் கூட்டவில்லை, மருந்தை மாற்றவில்லை. மாற்றியது கடிகாரத்தில் உள்ள நேரத்தை மட்டும்தான். இன்றுவரை அவர் 50 மி.கி.யைத் தாண்டியதில்லை, இடையில் ஓராண்டு 25 மி.கி.யே போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும் என்று உறுதி சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் 75 மி.கி.க்குப் போகும் முன் இந்தக் காபி விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் மருந்து எழுதியபோது வேளை மட்டும் கேட்டிருப்பார். எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டார்.


திருச்சி மருந்தாளுநர் எழுதியது:

பவானி அன்பர் கூறியது சரி. அதன் காரணத்தை நான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் நேரம் தவறாது.

எல்ட்ரோம்போபாக்கின் மூலக்கூறு, கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது. அப்படி இணைந்துவிட்டால் குடலின் சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போக முடியாமல் மலத்துடன் வெளியேறிவிடும். பால்பொருள்கள் அடங்கிய கொழுப்பு மிகுந்த காலை உணவோடு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தத்தில் சேர்ந்த மருந்தின் மொத்த அளவு 59 சதவீதம் குறைந்தது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அமில நீக்கி ஒன்றோடு கொடுத்தபோது 70 சதவீதம் குறைந்தது. எனவே உங்கள் அம்மாவுக்கு 50 மி.கி. கொடுத்தாலும் அவர் உடலுக்குப் போனது அதில் ஒரு பகுதியாகவே இருந்திருக்கலாம். உணவில் கால்சியம் 50 மி.கி.க்குக் குறைவாக இருந்தால் அதனோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மி.கி. இருக்கிறது, 100 கிராம் கேழ்வரகிலோ 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது. நம் வீடுகளில் காலை நேரத்தில் இந்த இரண்டில் ஒன்று வாய்க்குள் போகாமல் இருப்பது அரிது. கூடவே எட்டரை மணிக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருக்கிறீர்கள். அது ஒன்றரை மணி நேர இடைவெளிதான். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கால்சியம் தேவை, ஆகவே அதை நிறுத்த வேண்டாம்; பகலுக்குத் தள்ளினால் போதும். பான்டாப்ரசோல் வேறு வகை மருந்து; அதில் இந்த உலோகங்கள் இல்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வயிற்றெரிச்சலுக்கு வாங்கிக் குடிக்கும் இளஞ்சிவப்பு ஜெல்தான் ஆபத்து.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு மச்சையில் உள்ள பெரிய அணுக்களிலிருந்துதான் தட்டணுக்கள் உதிர்ந்து வருகின்றன. அந்த அணுக்களைத் தூண்டும் இயக்குநீர் (ஹார்மோன்) திராம்போபாய்டின். 1994இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகு, ஆய்வகத்தில் செய்த திராம்போபாய்டினையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சிலருடைய உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி, அந்த எதிர்ப்பொருள் அவர்களுடைய சொந்தத் திராம்போபாய்டினையும் சேர்த்து அழித்துவிட்டதால், தட்டணுவைக் கூட்ட வந்த ஊசியே அதைக் குறைத்துவிட்டது. ஆகவே அந்த வழியைக் கைவிட்டு, இயக்குநீரைப் போலத் தோற்றமே இல்லாத, ஆனால் அது உட்காரும் ஏற்பியைத் தட்டி எழுப்பக்கூடிய மருந்துகளைத் தேடினார்கள். வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் ரோமிப்ளோஸ்டிம், தினமும் விழுங்கும் எல்ட்ரோம்போபாக் ஆகிய இரண்டும் 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பின்னர் வந்த அவாட்ரோம்போபாக் மாத்திரையை உணவோடு எடுக்க வேண்டும். பால் பற்றிய கட்டுப்பாடு அதற்கு இல்லை. ஆக, இம்மருந்துகள் அழிவைத் தடுப்பவை அல்ல. அழிவை மிஞ்சும் அளவுக்கு உற்பத்தியைக் கூட்டுபவை. அதனால்தான் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது, அதனால்தான் திடீரென நிறுத்தினால் எண்ணிக்கை பழைய நிலைக்கோ அதற்கும் கீழோ சரிகிறது.

நேரத்தையும் அளவையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். இதுவரை குடலில் தடைபட்டிருந்த மருந்து நேரம் மாறியதும் முழுமையாக உள்ளே போகத் தொடங்கும். அதே சமயம் 75 மி.கி. ஆக்கியும் விட்டால் எண்ணிக்கை தேவைக்கு மேல் ஏறி இரத்தக்குழாயில் உறைவு ஏற்படும் அபாயம் உண்டு. எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டினால் அளவைக் குறைப்பதும், 4 லட்சத்தைத் தாண்டினால் நிறுத்திவைப்பதும் நடைமுறை. உச்ச அளவான 75 மி.கி.யைச் சரியான முறையில் நான்கு வாரம் கொடுத்தும் பயனில்லை என்றால்தான் மருந்து பலிக்கவில்லை என்று கூற வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

ஈரல் பரிசோதனை மறக்க வேண்டாம்: தொடங்கும் முன், அளவு நிலைப்படும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. நீண்ட நாள் எடுப்பவர்கள் கண்புரைக்காகக் கண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஸ்டீராய்டும் எடுத்திருப்பதால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். இன்னொரு சிறிய செய்தி: எல்ட்ரோம்போபாக் நிறமுள்ள பொருள். அதனால் சில கருவிகளில் பிலிரூபின், கிரியேட்டினின் அளவுகள் தவறாகக் காட்டக்கூடும். அறிக்கையில் மஞ்சள் காமாலை போலத் தெரிந்தால், இந்த மாத்திரை எடுப்பதை ஆய்வகத்திடம் சொல்லி மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.


தோட்டத்துவீடு எழுதியது:

மருந்துக் கடைக்காரர் மருந்தைப் பற்றித்தான் சொல்வார். என் சித்தப்பாவுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் தட்டணுக்கள் 18,000 வரை இறங்கிவிட்டன. காலையும் மாலையும் பப்பாளி இலைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி கொடுத்தோம். ஐந்தே நாளில் 1,40,000 ஆகிவிட்டது. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, ஆய்வக அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாதக்கணக்கில் விலை உயர்ந்த மாத்திரையை விழுங்குவதற்கு முன் இதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாமே.


ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

தோட்டத்துவீடு நண்பருக்கு: உங்கள் அறிக்கைகளை நான் நம்புகிறேன். சித்தப்பாவுக்கு வந்தது டெங்கு என்று ஊகிக்கிறேன். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களில், அதாவது நான்காம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், தட்டணு அடிமட்டத்துக்குப் போய், பிறகு எந்தச் சாறும் குடிக்காதவருக்கும் மளமளவென்று ஏறும். அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்த எனக்கு அந்த ஏற்றம் பழகிய காட்சி. பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிய சிறு ஆய்வுகள் பெரும்பாலும் டெங்கு நோயாளிகளிடம் செய்தவை; எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியதாக அவற்றில் சில கூறுகின்றன. ஆனால் ஐ.டி.பி. ஒரு வாரத்தில் தானே திரும்பும் நோய் அன்று. குறிப்பாக இந்த அம்மா ஈரலைக் கவனித்துக்கொண்டே எடுக்க வேண்டிய ஒரு மருந்தில் இருக்கிறார். இடையில் சாறும் சேர்ந்து, ஈரல் நொதிகள் கூடினால், எதனால் கூடியது என்று தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும்.

இனி பொருநைக்கரை சகோதரிக்கு. முதல் மருத்துவமனையில் ஏற்றிய நான்கு யூனிட் ஏன் இரண்டு நாளில் மறைந்தது என்பதிலேயே இந்நோயின் இயல்பு இருக்கிறது. 1950இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐ.டி.பி. நோயாளி ஒருவருடைய இரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாய அளவுக்குச் சரிந்தன. நல்லவேளையாகச் சில நாள்களில் மீண்டுவிட்டார். குற்றவாளி மச்சையில் இல்லை, இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள் என்பது அதனால் விளங்கியது; அது எதிர்ப்பொருள் என்று பின்னர் தெரிந்தது. எதிர்ப்பொருள் பூசிய தட்டணுக்களை மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் தின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து ஏற்றிய தட்டணுக்களுக்கும் அதே கதிதான். உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு இருந்தாலொழிய, ஐ.டி.பி.யில் தட்டணு ஏற்றுவதால் பயன் குறைவு. அவசரத்தில் எண்ணிக்கையை இரண்டு மூன்று நாளில் உயர்த்த வேண்டுமானால் இரத்தக்குழாய் வழியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து உண்டு. விலை மிக அதிகம், பயன் சில வாரங்களுக்கே.

ஸ்டீராய்டு பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. முதல் மருந்து அதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. பிரெட்னிசோலோனாகவும் கொடுக்கலாம், டெக்சாமெத்தசோன் 40 மி.கி. வீதம் நான்கு நாளும் கொடுக்கலாம். ஆனால் அதை ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். நம் ஊரில் எண்ணிக்கை சற்று இறங்கியதும் பழைய அளவுக்கே ஏற்றி, மறுபடி குறைத்து, மறுபடி ஏற்றி, ஓராண்டு கழித்துச் சர்க்கரையும் முதுகெலும்பு முறிவுமாக வரும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் 20 மி.கி.யிலேயே விழித்துக்கொண்டு அடுத்த மருந்துக்குப் போனது நல்ல முடிவு. ஆனால் மீதியிருப்பதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அவர் சொல்லும் வேகத்திலேயே குறைய வேண்டும்.

மண்ணீரல் அறுவையைப் பழைய வைத்தியம் என்று ஒதுக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். 1916இல் பிராக் நகரில் பால் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர்தான் தன் பேராசிரியரிடம் எடுத்துச் சொல்லி முதல்முறையாக இதைச் செய்யவைத்தார். செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீடித்த பயன் கிடைக்கிறது. எனினும் நோய் சிலருக்கு முதல் ஆண்டுக்குள் தானாகவே அடங்கக்கூடும் என்பதால், குறைந்தது ஓராண்டு பொறுத்திருப்பது வழக்கம். செய்வதாக முடிவானால் நிமோனியா, மூளையுறைக் காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை இரண்டு வாரத்துக்கு முன்னரே போட வேண்டும். பிறகு வாழ்நாள் முழுவதும் காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது. 61 வயதில், சர்க்கரையும் ஏறியிருக்கும் நிலையில், அத்தை மகன் சொல்வதுபோல் அது ஒரேயடித் தீர்வு அன்று.

எல்ட்ரோம்போபாக் உண்மையிலேயே பலிக்காவிட்டால் வேறு வழிகளும் இருக்கின்றன. ரிட்டுக்சிமாப் ஊசி உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி இல்லை என்று உறுதிசெய்த பின்னரே போடுவார்கள். விலை மலிந்த டாப்சோன், டனசோல், அசாதியோபிரின் ஆகியவற்றாலும் நம் நாட்டில் பலர் பல ஆண்டுகள் நலமாக இருக்கிறார்கள். டாப்சோனுக்கு முன், சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இல்லையா என்று பார்க்கும் சோதனை அவசியம். இவை மெதுவாக வேலை செய்பவை, இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால் மூன்று வாரத்தில் மனம் தளரும் வீட்டில் எந்த மருந்தும் தேறாது.

உங்கள் பகுதியிலேயே எளிதாகக் கிடைக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வலி என்று அம்மா கடையில் டைக்லோபினாக், ஐபுபுரூபென், ஆஸ்பிரின் எதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இருக்கும் சில தட்டணுக்களையும் அவை செயலிழக்கச் செய்துவிடும். பாராசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி போட யார் வந்தாலும் எண்ணிக்கையைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, பொறுக்க முடியாத தலைவலி வந்தாலோ, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.


சென்னைவாசி எழுதியது:

இடையில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். எனக்கு வயது 34. அலுவலகத்தில் நடந்த முழு உடல் பரிசோதனையில் தட்டணு 68,000 என்று வந்திருக்கிறது. எந்தப் புள்ளியும் இல்லை, இரத்தக்கசிவும் இல்லை. நானும் இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டுமா?


ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

முதலில் அந்த 68,000 உண்மைதானா என்று பாருங்கள். இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உறைவதைத் தடுக்க இ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கும். சிலருடைய தட்டணுக்கள் அதில் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கருவி கட்டியை எண்ணாது. நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுண்ணோக்கியிலும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத நோய்க்கு ஸ்டீராய்டு தின்றவர்களும் உண்டு. உண்மையிலேயே 68,000 என்றாலும், காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, ஐ.டி.பி.யில் இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு 30,000க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் கவனித்து வருவதுதான் முறை.


பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மறுநாளே மதுரை மருத்துவருக்குத் தொலைபேசியில் காபி விவரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 75 மி.கி. வேண்டாம், 50 மி.கி.யையே இரவு பத்து மணிக்குக் கொடுத்து இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். அப்படியே செய்தோம். அம்மா இரவு படுக்கும் முன் பால் குடிப்பவர். அதை மாலை நான்கு மணிக்கு மாற்றியதற்குத்தான் அதிகம் முணுமுணுத்தார். கால்சியம் மாத்திரை பகல் சாப்பாட்டுக்குப் பின் என்று அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

எட்டாம் நாள் 29,000. பதினாறாம் நாள் 63,000. கால்களில் புதிய புள்ளிகள் இல்லை. ஈரல் சோதனை சரியாக இருக்கிறது. பிரெட்னிசோலோன் இப்போது 5 மி.கி.; வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 130க்கு வந்துவிட்டது.

இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. எண்ணிக்கை 1.5 லட்சம் வராமல் 63,000இல் நின்றால் மருந்தின் அளவைக் கூட்டச் சொல்ல வேண்டுமா? இரவு மாத்திரை கொடுக்க மறந்து, காலையில் காபி குடித்தபின் நினைவுக்கு வந்தால் என்ன செய்வது?


திருச்சி மருந்தாளுநர் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: கூட்ட வேண்டாம். இம்மருந்தின் இலக்கு 50,000க்கு மேல் வைத்திருப்பதுதான். அந்த அளவில் அன்றாட வாழ்வில் தானாக இரத்தம் கசிவதில்லை. 1.5 லட்சம் என்பது ஆய்வக அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண். அதை எட்டுவதற்காக அளவை உயர்த்தினால் இரத்தம் உறையும் அபாயத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். பல் பிடுங்குவதோ அறுவை சிகிச்சையோ வந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு முழுவதும் நின்ற பிறகு எண்ணிக்கை கொஞ்சம் இறங்கலாம். அதற்கு முதல் மாதம் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்கு: காபி குடித்துவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். அன்றிரவு வழக்கமான நேரத்தில் ஒரு மாத்திரை மட்டும் கொடுங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது.